ஐடிலிங்கில் தடுமாறும் படகு எஞ்சின்: கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்

குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த படகை மே மாதத்தில் ஏரியில் இறக்கிச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் உடனே பிடித்துக்கொள்கிறது. சற்று வேகம் கொடுத்தால் சீராகவும் ஓடுகிறது. ஆனால் லீவரைக் கீழே கொண்டுவந்ததும் படகின் பின்பகுதி முழுவதும் அதிர்கிறது. டேக்கோமீட்டர் முள் 500க்கும் 800க்கும் இடையே அலைகிறது. கியரைப் போட்ட மறுகணம் எஞ்சின் அணைந்துவிடுகிறது. படகுத்துறையின் ஒடுங்கிய வாய்க்குள், பக்கக் காற்று தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி அணைந்தால் படகைத் திருப்பவோ நிறுத்தவோ வழியில்லை. ஆகவே ஐடிலிங்கில், அதாவது வேகம் கொடுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில், வரும் கோளாறைப் பாதுகாப்புக் கோளாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில், அந்தக் கலவையின் விகிதத்தை மாற்றும் மிக்சர் திருகுகளைத் திருகுவதுதான். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு ஐடிலிங்கில் ஏறக்குறைய மூடியே இருப்பதால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மிகக் குறைந்த கலவையே போகிறது. அந்தச் சிறு கலவை முழுமையாக எரிவதற்குத் தீப்பொறி, வெளிக்காற்று கசியாத அடைப்பு, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) ஆகிய மூன்றும் குறையின்றி இருக்க வேண்டும். வேகம் கூடும்போது கலவையும் கூடுகிறது, ஃப்ளைவீலின் உந்தமும் ஒரு சிலிண்டரின் சோர்வை மறைத்துவிடுகிறது. அதனால்தான் பழுதான பிளக் ஒயரும், பாகங்களின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் கண்ட விரிசலும், எரிந்துபோன வால்வும், அடைபட்ட ஐடில் துளையும் ஓட்டுபவரின் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. முதலிலேயே திருகுகளை மாற்றிவிட்டால், அதுவரை சரியாக இருந்த ஒன்றும் கெட்டு, ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளில் இன்றும் பரவலாக ஓடிக்கொண்டிருக்கும் 5.7 லிட்டர் வி8 எஞ்சினை, அதாவது ஜெனரல் மோட்டார்ஸின் 350 கன அங்குல எஞ்சினைக் கடலுக்கும் ஏரிக்கும் ஏற்ப மாற்றி மெர்குரூசர், வோல்வோ பென்டா போன்றோர் விற்ற வடிவத்தை, எடுத்துக்காட்டாகக் கொண்டே இங்கு எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கரையோர விசைப்படகுகளில் இருப்பவை டீசல் எஞ்சின்கள். அவற்றில் கார்புரேட்டர் கிடையாது என்பதால் இம்முறைகள் அவற்றுக்குப் பொருந்தா.

தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் அது தரைவழியே பரவிக் கலைந்துபோகும். படகிலோ எஞ்சின் பெட்டியின் அடியிலுள்ள பில்ஜில் இறங்கி அங்கேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். ஒவ்வொரு முறை எஞ்சினைக் கிளப்பும் முன்பும் பெட்டியிலுள்ள ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விட வேண்டும், பிறகு பெட்டியைத் திறந்து மூக்கால் முகர்ந்தும் பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் சோதனை அத்துடன் நிற்க வேண்டும். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே எஞ்சினைத் தொடலாம். கார்புரேட்டரின் வாயில் பொருத்தியிருக்கும் ஃபிளேம் அரெஸ்டர் எனும் தீத்தடுப்பு வலையைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டக் கூடாது. கலவை வறண்ட, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த, எஞ்சின் ஐடிலிங்கில் பின்னோக்கி வெடிப்பது சாதாரணம். அந்தச் சுவாலையைத் தடுப்பதற்கு அந்த வலை ஒன்றுதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு பொருத்தப்பட்ட படகுக்குள்ளேயே அமர்ந்திருக்கும் எல்லாப் பெட்ரோல் உள்ளமை எஞ்சின்களுக்கும் இத்தகைய தடுப்பு கட்டாயம் என்பதிலிருந்தே, இந்தப் பாடம் எவ்வளவு காலத்துக்கு முன் கற்றது என்பது விளங்கும்.

தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம். நீரேற்றும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் வறண்ட நிலையில் சில நொடிகளிலேயே தேயத் தொடங்கும். புகைக்குழாயின் ரப்பர் ஹோஸ்களும் வெந்துவிடும். படகு டிரெய்லரில் இருந்தால் தோட்டக் குழாயை உரிய இணைப்பின் வழியாகக் கொடுத்துவிட்டே கிளப்புங்கள். மூடிய படகு வீட்டுக்குள் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை.

கருவி எடுக்காமல் கண்டறிபவை

முதலில் எஞ்சின் எப்போது தடுமாறுகிறது என்பதைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும் தடுமாறிச் சூடானதும் சரியாகிவிட்டால், குளிர்ந்த எஞ்சினுக்காகக் காற்றைக் குறைக்கும் சோக்கைத்தான் பார்க்க வேண்டும். சூடான பிறகு கறுப்புப் புகையுடன் தடுமாறினால் சோக் தகடு திறக்காமல் சிக்கியிருக்கலாம். மின்சார சோக்காக இருந்தால் சாவி போட்ட நிலையில் அதன் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரால் பாருங்கள். சூடான எஞ்சினை அணைத்துக் கால்மணி நேரம் கழித்துக் கிளப்பும்போது மட்டும் தடுமாறுகிறது என்றால், கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். எல்லா நிலையிலும் தடுமாறினால் பிளக், காற்றுக் கசிவு, கம்ப்ரெஷன் ஆகியவற்றை நோக்கிப் போக வேண்டும்.

கியரை மாற்றும்போது மட்டும் அணைகிறதா என்பது தனிக் கேள்வி. மெர்குரூசரின் ஆல்ஃபா வகை ஸ்டெர்ன்டிரைவில் (எஞ்சின் உள்ளேயும் புரொப்பெல்லர் அமைப்பு படகின் பின்புறத்தில் வெளியேயும் இருக்கும் வகை), கியர் எளிதில் விடுபடுவதற்காகத் தீப்பொறியை ஒரு கணம் துண்டிக்கும் சிறு சுவிட்ச் ஒன்று கியர் கேபிளோடு இணைந்திருக்கிறது. கேபிள் துருப்பிடித்து இறுகிப்போனால் அந்தச் சுவிட்ச் அழுந்திய நிலையிலேயே நின்றுவிடும். எஞ்சின் இருமுவதுபோல் விட்டுவிட்டு எரியும். கார்புரேட்டர் ரிப்பேருக்கென்று வந்த எத்தனையோ படகுகளுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு புதிய கேபிள்தான். லீவரை நியூட்ரலில் வைத்து, சுவிட்சின் சிறு கை தன் நடுநிலைக்குத் திரும்பி நிற்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்து, எஞ்சினோடு பொருத்திய பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஒளி புகும் மெல்லிய ஹோஸைப் பாருங்கள். கடல்வகை பம்பில் டயாஃப்ரம் எனும் சவ்வுகள் இரண்டு உண்டு; முதலாவது கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயிலோ பில்ஜிலோ இறங்காமல் அந்த ஹோஸ் வழியாகக் கார்புரேட்டர் வாய்க்கே போகும்படி அமைத்திருக்கிறார்கள். ஹோஸில் ஒரு சொட்டுப் பெட்ரோல் தெரிந்தாலும் பம்ப் முடிந்துவிட்டது என்று பொருள். கணக்கில் வராத அந்தப் பெட்ரோல் ஐடிலிங்கில் எஞ்சினை மூழ்கடிக்கும், எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது.

பின்பக்கம் இரு குழாய்களில் புகை வெளிவரும் நேர்த்தண்டு உள்ளமைப் படகாக (எஞ்சினிலிருந்து நேராகத் தண்டு புரொப்பெல்லருக்குப் போகும் வகை) இருந்தால், துறைமேடையில் நின்று ஒவ்வொரு குழாயின் ஓசையையும் தனித்தனியே கேளுங்கள். ஒருபக்கம் மட்டும் தாளம் தவறினால் கோளாறு அந்தப் பக்கத்து நான்கு சிலிண்டர்களுக்குள் அடங்கியது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பெட்ரோலைச் சந்தேகியுங்கள்

நீரைப் பிரிக்கும் ஃபில்டரைக் கழற்றி, அதிலுள்ள பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் கால்மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவது வழக்கமாகிவிட்டது; எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொண்டு, ஓரளவுக்கு மேல் போனதும் நீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். குப்பியில் கோடு பிரித்ததுபோல் இரண்டு அடுக்கு தெரிந்தாலோ, பெட்ரோல் கருத்துப் பழைய வார்னிஷ் வாடை அடித்தாலோ, தொட்டியைக் காலி செய்யாமல் மேற்கொண்டு செய்யும் எந்தச் சோதனையும் பயன் தராது. குப்பி தெளிவாக இருந்தாலும் ஐயம் நீங்கவில்லை என்றால், அவுட்போர்டு எஞ்சினுக்குரிய (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) 12 லிட்டர் சிறு தொட்டியில் புதுப் பெட்ரோல் நிரப்பி, பம்பின் நுழைவாயில் நேராக இணைத்து ஓட்டிப் பாருங்கள். சீராகிவிட்டால் தொட்டி, உறிஞ்சு குழாய், ஹோஸ் என்று தேடலின் எல்லை சுருங்கிவிடும்.

எட்டுப் பிளக்குகள் சொல்லும் கதை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஐடிலிங்கிலேயே ஓட்டி, வேகம் கொடுக்காமல் அணைத்து, ஆறியதும் எட்டுப் பிளக்குகளையும் கழற்றி, அவை இருந்த இடத்தின் வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்குங்கள். பெல்ட் இருக்கும் பக்கம் எஞ்சினின் முன்பக்கம். பின்னாலிருந்து அதை நோக்கிப் பார்த்தால் இடப்பக்கம் 1, 3, 5, 7 என்றும் வலப்பக்கம் 2, 4, 6, 8 என்றும் போகும். வி-டிரைவ் படகுகளில் எஞ்சின் திரும்பி அமர்ந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு பிளக்கின் நிறத்தைவிட, எந்தெந்த பிளக்குகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதே அதிகம் சொல்லும். ஒரே ஒரு பிளக் மட்டும் பெட்ரோலில் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குத் தீப்பொறி போகவில்லை அல்லது அங்கே கம்ப்ரெஷன் இல்லை. எண்ணெய் படிந்திருந்தால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு, எடுத்துக்காட்டாக 3உம் 5உம், சேர்ந்து சோர்ந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

1, 4, 6, 7 ஆகிய நான்கு மட்டும் கறுத்து, 2, 3, 5, 8 நன்றாக இருந்தால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், அப்போதுதான் கார்புரேட்டரைச் சந்தேகிக்க உண்மையான காரணம் கிடைக்கிறது. இந்த எஞ்சினில் பெரும்பாலும் இருக்கும் இரட்டைத்தள இன்டேக் மேனிஃபோல்டு, கார்புரேட்டரின் ஒரு பக்கத்திலிருந்து நான்கு சிலிண்டர்களுக்கும் மறுபக்கத்திலிருந்து மற்ற நான்குக்கும் கலவையைப் பிரித்துக் கொடுக்கிறது. நான்கும் எஞ்சினின் இரு பக்கங்களிலும் சிதறிக் கிடப்பதால், பலகையில் அடுக்கிப் பார்க்காத கண்ணுக்கு இந்த ஒழுங்கு தெரியவே தெரியாது. பலரும் பிளக்குகளைக் கழற்றிய கையோடு ஒரு டப்பாவில் கொட்டிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. எஞ்சின் தானாகச் சொன்ன பதிலை அவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஒரே பக்கத்தின் பிளக்குகளில் துருவோ நீர்த்துளியோ இருந்தால் எல்லாச் சோதனைகளையும் நிறுத்திவிட்டுக் கீழே தண்ணீர் பற்றி எழுதியுள்ள பகுதிக்குப் போங்கள். அது ஐடிலிங் கோளாறு என்ற நிலையைத் தாண்டி, எஞ்சினின் உயிர் பற்றிய செய்தியாகிவிட்டது.

தீப்பொறி

கார் மெக்கானிக்குகள் ஒவ்வொரு சிலிண்டரின் புகைவாயிலையும் வெப்பமானியால் அளந்து, குளிர்ந்திருப்பதை வைத்து மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரைக் கண்டுபிடிப்பார்கள். படகு எஞ்சினில் அந்த வித்தை அவ்வளவாகப் பயன்படாது, ஏனெனில் புகை மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. பிளக் ஒயரை ஓடும்போதே பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையும் வேண்டாம். திறந்த வெளியில் பாயும் பொறியைப் பெட்ரோல் ஆவி தேங்கக்கூடிய பெட்டிக்குள் உண்டாக்குவது பெரும் ஆபத்து, எலெக்ட்ரானிக் இக்னிஷனின் பாகங்களும் கெடலாம். அதற்குப் பதிலாக ஒயரில் மின்துடிப்பு போகும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டின் கவ்வியை ஒவ்வொரு பிளக் ஒயரிலும் மாட்டி, ஒளி ஒரே சீராக வெட்டுகிறதா என்று பாருங்கள். இடையிடையே ஒளி விடுபடும் ஒயரில்தான் கோளாறு. எட்டிலும் ஒன்றுபோல் விடுபட்டால், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு முந்திய காயில், சென்சார், பாயிண்ட் ஆகியவற்றில் தேட வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் உட்புறத்தைப் பாருங்கள். ஏரியின் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து மூடிக்குள் நீர்ப்பனியாகப் படிகிறது. அலுமினிய முனைகளில் வெள்ளைப் பொடி பூக்கிறது. முனையிலிருந்து முனைக்கு மயிரிழைபோல் கரிக்கோடு விழுந்து, பொறி அதன் வழியே தப்பிப் போகிறது. ஒரு கோடைகாலத்தில் என் படகின் கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துச் சுத்தம் செய்தும் நடுக்கம் தீரவில்லை. கடைசியில் மூடிக்குள் இருந்த அத்தகைய ஒரே ஒரு கோடுதான் காரணம் என்று தெரிந்தது. இந்த வழிகாட்டியின் வரிசை அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. மூடி, ரோட்டார், ஒயர் ஆகியவற்றை மாற்றும்போது கடல்வகைப் பாகங்களையே வாங்குங்கள். காருக்குரிய டிஸ்ட்ரிபியூட்டரும் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் உருவத்தில் ஒன்றாக இருந்தாலும், உள்ளெழும் பொறி வெளியே போகாதபடி அவை காப்பிடப்படவில்லை.

ஒயர்களைக் கழற்றி மாட்டியபோது இடம் மாறியிருக்கவும் கூடும். இந்த எஞ்சினின் எரிவரிசை 1-8-4-3-6-5-7-2. இரட்டை எஞ்சின் பொருத்திய பழைய உள்ளமைப் படகுகளில் ஒன்று எதிர்த்திசையில் சுழலும் எஞ்சினாக இருக்கலாம். அதற்கு வரிசை தலைகீழாக 1-2-7-5-6-3-4-8 என்று வரும். மேலே சொன்ன முதல் வரிசையில் 5உம் 7உம் அடுத்தடுத்து எரிவதோடு எஞ்சினிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், அவற்றின் ஒயர்கள் ஒட்டிக்கொண்டு நீண்ட தூரம் ஓடினால் ஒன்றின் மின்னோட்டம் மற்றதில் தூண்டப்பட்டு, 7ஆவது சிலிண்டர் காலத்துக்கு முன்பே எரியும். இரண்டையும் விலக்கிக் கட்டுங்கள். டைமிங்கை, அதாவது பொறி விழும் தருணத்தை, எஞ்சின் எண்ணுக்குரிய கையேட்டின்படியே வையுங்கள். 8 அல்லது 10 பாகை என்று பல மாடல்களுக்கு இருந்தாலும், சில பிற்கால எலெக்ட்ரானிக் அமைப்புகளில் ஒரு குறிப்பிட்ட ஒயரை எர்த் செய்து டைமிங்கைப் பூட்டிய பிறகே அளக்க வேண்டும்.

காற்றுக் கசிவும் வெற்றிட மீட்டரும்

கார்புரேட்டரின் அடியிலோ இன்டேக் மேனிஃபோல்டிலோ புகும் கள்ளக்காற்று ஐடிலிங்கில் மட்டுமே தன்னைக் காட்டும். ஃபிளேம் அரெஸ்டரைக் கழற்றாமல், வெளியிலுள்ள சோக் கையை விரலால் மெல்ல மூடும் பக்கம் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடிச் சீரானால் கலவை வறண்டிருக்கிறது; அதாவது கள்ளக்காற்று புகுகிறது அல்லது ஐடில் துளை அடைபட்டிருக்கிறது. இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். இந்தச் சிறு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சும் வழக்கம் கார் பட்டறைகளில் இருக்கிறது. மூடிய எஞ்சின் பெட்டிக்குள் அது தீயை அழைப்பதற்குச் சமம். சோப்பு நீரை ஒரு தெளிப்பானில் நிரப்பி, பிளக் ஒயர்களில் படாமல், கேஸ்கெட் இணைப்புகளில் சிறிது சிறிதாகத் தெளித்தாலே போதும். கசியும் இடத்தில் நீர் உறிஞ்சப்படும்போது எஞ்சினின் ஓசை மாறும். கார்புரேட்டரின் நான்கு போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியதால் அதன் அடிப்பகுதி வளைந்து கசிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். புதிய கேஸ்கெட் போட்டு மேலும் முறுக்கினால் வளைவு கூடுமே தவிரக் கசிவு நிற்காது.

வெற்றிட மீட்டரை மேனிஃபோல்டில் இணைத்தால் ஓரளவு உள்ளே நடப்பது தெரியும். நல்ல எஞ்சினில் சூடான ஐடிலிங்கில் முள் 16 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்குள் அசையாமல் நிற்கும். அசையாமலே தாழ்ந்து நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது அல்லது கள்ளக்காற்று புகுகிறது. ஒரே இடைவெளியில் முள் சட்டென விழுந்து எழுந்தால் ஒரு வால்வு மூடவில்லை. நாலைந்து அங்குலத்துக்கு மெதுவாக ஏறி இறங்கினால் கலவை சரியில்லை. பயிற்சி இல்லாதவர்கள் இந்த ஒரு மீட்டரை மட்டும் நம்பி முடிவுக்கு வராமல், பிளக்குகள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கம்ப்ரெஷனும் தண்ணீரும்

எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனுக்கு மின்சாரம் போகாதபடி துண்டித்து, த்ராட்டிலை முழுவதும் திறந்துவைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரெஷன் மீட்டரால் அளக்க வேண்டும். மிகக் குறைந்த அளவு, மிக அதிகமான அளவில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது, 100 பி.எஸ்.ஐ.க்கும் கீழே நிற்கும் சிலிண்டரோடு சீரான ஐடிலிங்கை எதிர்பார்க்க முடியாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

தண்ணீர்தான் படகு எஞ்சினைக் கார் எஞ்சினிலிருந்து பிரிக்கும் பெரிய வேறுபாடு. ஏரி நீரோ கடல்நீரோ புகை மேனிஃபோல்டைச் சுற்றி ஓடி, ரைசர் என்ற வளைகுழாயில் புகையோடு கலந்து வெளியேறுகிறது. ரைசருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டோ உட்சுவரோ துருவில் அரிக்கப்பட்டால், எஞ்சின் அணைந்த பிறகு தண்ணீர் திறந்திருக்கும் வால்வு வழியே சிலிண்டருக்குள் சொட்டும். காலையில் கிளப்பியதும் சில நிமிடங்கள் தடுமாறிப் பிறகு சீராவது அதன் முதல் அறிகுறி; பலரும் அதைச் சோக் கோளாறு என்று எண்ணிவிடுவார்கள். நன்னீரில் நெடுங்காலம் உழைக்கும் இப்பாகங்கள் உப்புநீரில் ஐந்தாறு ஆண்டுகளிலேயே மாற்ற வேண்டிய நிலைக்கு வரலாம். ஐயம் இருந்தால், படகை ஓட்டிவிட்டு ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். துளைகள் வழியாகத் தண்ணீர் பீறிடலாம் என்பதால் விலகி நின்று ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிளக்குகள் மாட்டியிருக்கும்போது சுற்றினால், தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணீர் கண்டால் அன்றே அதை வெளியேற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் தெளித்துச் சுழற்றிவைக்க வேண்டும். மறுநாளுக்கு ஒத்திப்போட்டால் அதற்குள் சிலிண்டர் சுவரில் துரு படிந்துவிடும். எண்ணெய்க் கோலில் பால் நிறம் தெரிந்தால் எண்ணெயையும் மாற்றுங்கள்.

இனி கார்புரேட்டர்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரின் முறை வருகிறது. சூடான எஞ்சினை அணைத்த உடனே ஃபிளேம் அரெஸ்டரைக் கழற்றி, நீர்புகாத டார்ச் ஒளியில் வாய்க்குள் பாருங்கள். நடுவிலுள்ள முனைகளிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால் கிண்ணத்துக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வில் தூசு சிக்கியிருக்கிறது, அல்லது மிதவை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிட்டது, அல்லது மிதவை மட்டம் உயர்ந்திருக்கிறது.

அரெஸ்டரை மறுபடி மாட்டி, எஞ்சின் ஓடும்போது ஒரு மிக்சர் திருகை மெல்ல உள்ளே திருகுங்கள். வேகம் குறைந்து அணையப்போவதுபோல் ஆனால் அந்தப் பக்கத்து ஐடில் வழி வேலை செய்கிறது. திருகைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு மறுபக்கத்தைப் பாருங்கள். எந்த மாற்றமும் இல்லையென்றால் துளை அடைபட்டிருக்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: யாரோ நடுக்கத்தை மறைக்க ஐடில் வேகத் திருகை ஏற்றி வைத்திருப்பார்கள், த்ராட்டில் தகடு அளவுக்கு மீறித் திறந்து, அதன் ஓரத்திலுள்ள மாறுநிலைப் பிளவு எனும் பெட்ரோல் வழி வெளிப்பட்டு, பெட்ரோல் மிக்சர் திருகைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எனவே வேகத் திருகைத் தளர்த்திய பிறகே மிக்சரைப் பற்றி முடிவு செய்யுங்கள். ஹோலி நிறுவனத்தின் கார்புரேட்டர் வகையில் இரண்டு திருகுகளையும் முழுவதும் மூடியும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், ஒரு பின்வெடிப்பில் கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கக்கூடும்.

பிரித்துச் சுத்தம் செய்யும்போது துளைகளில் கம்பி விடாதீர்கள். மிக நுண்ணிய அளவில் துளை பெருத்தாலும் கலவை மாறிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதினால் போதும். பாகங்கள் கடல்வகைக்குரியவையாகவே இருக்க வேண்டும், ஏனெனில் வழியும் பெட்ரோல் வெளியே சிந்தாமல் எஞ்சினுக்குள்ளேயே போகும்படி அவற்றின் கிண்ணக் காற்றுக்குழாயும் த்ராட்டில் அச்சும் அமைக்கப்பட்டிருக்கின்றன.

இறுதி டியூனிங் கியரில்தான் செய்ய வேண்டும். படகை முன்னும் பின்னும் உறுதியாகக் கட்டி, புரொப்பெல்லர் அருகே நீரில் யாரும் இல்லை என்று உறுதிசெய்து, ஸ்டியரிங்கில் ஒருவரை நிறுத்தி, சூடேறிய எஞ்சினை முன்கியரில் வையுங்கள். மிக்சர் திருகுகளை, மெல்ல அடிதொட்ட இடத்திலிருந்து ஒன்றேகால் அல்லது ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்த நிலையில் தொடங்கி, எட்டில் ஒரு சுற்றாக மாற்றி மாற்றி வெற்றிட மீட்டரின் முள் உச்சம் தொடும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வேகத்தைக் கையேட்டின் எண்ணுக்கு, இந்த எஞ்சினில் பெரும்பாலும் முன்கியரில் நிமிடத்துக்கு 650 முதல் 700 சுற்றுக்கு, இறக்குங்கள். வேகம் மாறினால் கலவையும் மாறும் என்பதால் இரண்டையும் ஓரிரு முறை திருப்பிச் செய்ய நேரும். 900 சுற்று கொடுத்தால்தான் நிற்கிறது என்றால் ஏதோ ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த வேகத்தில் கியரைப் போடுவது கியர்ப் பற்களைச் சேதப்படுத்தலாம்.

வெற்றிட அளவையும், திருகுகள் எத்தனை சுற்றில் நிற்கின்றன என்பதையும் படகின் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பாருங்கள். பத்து மணி நேரம் ஓடிய பிறகு எட்டுப் பிளக்குகளையும் மறுபடி கழற்றி அதே வரிசையில் பலகையில் அடுக்குங்கள். எட்டும் ஒரே இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் வேலை முடிந்தது. 1, 4, 6, 7 மட்டும் மீண்டும் கறுத்திருந்தால், கார்புரேட்டரின் அந்தப் பக்கத்து ஐடில் காற்றுத் துளையை இன்னொரு முறை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.